நம்ம ஊர் கௌபாய் கதை: காவலும் துப்புக்கூலியும்

1972-ல் ஜான் ஹஸ்டன் இயக்கி, பால் நியூமேன் நடித்து ஒரு ஹாலிவுட் படம் வந்தது. பெயர் 'தி லைஃப் அண்ட் டைம்ஸ் ஆஃப் ஜட்ஜ் ராய் பீன்'. டெக்ஸாஸில், பெக்கோஸ் நதிக்கு மேற்கே, சட்டம் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு பொட்டல் காடு. அங்கே வந்து சேரும் ஒரு ஆளை அடித்து, பணத்தைப் பிடுங்கி, கழுத்தில் கயிறு மாட்டிக் குதிரையை விரட்டி விடுகிறார்கள். எப்படியோ பிழைத்துத் திரும்பி வருகிறவன் அத்தனை பேரையும் சுட்டுத் தள்ளுகிறான். அப்புறம் ஒரு சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, தானே இனிமேல் நீதிபதி என்று உட்கார்ந்துவிடுகிறான். யாரும் நியமிக்கவில்லை, யாரும் ஓட்டுப் போடவில்லை.

படத்தில் இதைவிட ருசியான விஷயம் அடுத்து வருவதுதான். அந்தப் பக்கம் வந்து சேரும் ஐந்து கொள்ளைக்காரர்களையே அவன் தன் மார்ஷல்களாக நியமித்துவிடுகிறான். நேற்று வரை வழிப்பறி, இன்றைக்குச் சட்டத்தின் காவலர்கள். குற்றவாளியிடம் பிடுங்குகிற பணத்தில் ஆளுக்கு ஒரு பங்கு.

நிஜ ராய் பீன் கொஞ்சம் வேறு மாதிரி. 1882-ல் அவரை முறையாகத்தான் அமைதி நீதிபதியாக நியமித்தார்கள். லாங்ட்ரி என்ற ரயில்வே ஊரில் சாராயக்கடை வைத்திருந்தார். அதுவேதான் கோர்ட். 1879-ஆம் வருடத்து டெக்ஸாஸ் சட்டத் தொகுப்பு ஒன்றே ஒன்றுதான் அவருடைய நூலகம். செத்துக் கிடந்த ஒருவனின் பையில் நாற்பது டாலரும் ஒரு துப்பாக்கியும் இருந்ததாம், துப்பாக்கியை மறைத்து வைத்திருந்த குற்றத்துக்காகப் பிணத்துக்கு நாற்பது டாலர் அபராதம் போட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டாராம். 1896 பிப்ரவரியில், டெக்ஸாஸிலும் மெக்சிகோவிலும் தடை செய்யப்பட்டிருந்த குத்துச்சண்டைப் போட்டியை இரண்டுக்கும் நடுவே ஓடும் ரியோ கிராண்டே ஆற்று மணல் திட்டில் நடத்திக் காட்டினார். படத்தில் அவர் பேச்சுக்குப் பேச்சு தூக்கில் போடுகிறவர். நிஜத்தில் அவர் தூக்குத் தண்டனை கொடுத்ததாகத் தெரிவது இரண்டே பேருக்கு, அதிலும் ஒருவன் தப்பி ஓடிவிட்டான்! 1903-ல் படுக்கையில்தான் செத்தார்.

அதே 1972-ல் நம்ம ஊரிலும் இரண்டு குதிரைப் படங்கள் வந்தன. கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த 'கங்கா', 'ஜக்கம்மா'. 2010-ல் சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' எடுத்தது இந்த வகைப் படங்களைச் செல்லமாகக் கிண்டல் செய்துதான். தொப்பி, பூட்ஸ், இடுப்பில் துப்பாக்கி என்று எல்லாமே அங்கிருந்து இறக்குமதி. ஆனால் கதையை இறக்குமதி செய்திருக்கவே வேண்டாம். அரசாங்கத்தின் கை எட்டாத இடத்தில் யார் போலீஸ், யார் திருடன் என்ற கேள்வி தமிழ்நாட்டில் பல நூறு வருடம் நடந்த கதை. அதற்கு ஒரே ஒரு சொல்தான்: காவல்.

இன்றைக்கு 'காவல்' என்றால் காவல் நிலையம், காவல் துறை. அந்தக் காலத்தில் அது ஒரு சொத்து. வீடு, நிலம் மாதிரி அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும் உரிமை. விற்கலாம், வாங்கலாம். இது அலங்காரத்துக்குச் சொல்வதில்லை. புதுக்கோட்டைப் பக்கத்துக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்ற சொல் அடிக்கடி வரும். ஊரைக் காக்கும் உரிமை, அதற்காக ஊரிடம் வசூலிக்கும் உரிமை, இரண்டும் சேர்ந்தது அது. பாண்டியர் ஆட்சி தளர்ந்துவந்த காலத்தில், ஊரார் கூடித் தங்கள் பாடிகாவலை ஆயுதபலம் உள்ள ஓர் அரையருக்கு விற்றதாகவே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் விசித்திரமான பத்திரம். என்னை நீ காப்பாற்று, வருஷா வருஷம் இவ்வளவு நெல் எடுத்துக்கொள் என்று ஒரு ஊரே எழுதிக் கொடுக்கிறது. ராஜாவின் பாதுகாப்பு உண்மையில் இருந்திருந்தால் இந்தப் பத்திரத்துக்கு என்ன தேவை?

சென்னையும் இப்படித்தான் ஆரம்பித்தது என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. பரங்கிமலையில் பீச் ரயில் ஏறிக் கடைசி ஸ்டேஷனில் இறங்கி, மின்ட் தெரு, சௌகார்பேட்டைப் பக்கம் நடந்தால் அந்த வட்டாரத்தின் பழைய பெயர் பெத்துநாயக்கன்பேட்டை. கிழக்குப் பாதி முத்தியாலுப்பேட்டை, மேற்குப் பாதி பெத்துநாயக்கன்பேட்டை. பெத்த நாயக் என்றால் தெலுங்கில் பெரிய நாயக்கர். அது ஒரு பதவி, ஒரே குடும்பத்தில் பரம்பரையாக வந்த பதவி. கோட்டைக்குள் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் காவல் இருந்தார்கள். கோட்டைக்கு வெளியே, நம்மவர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்துக்கு யார் காவல்? கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதற்கு ஆளும் இல்லை, செலவழிக்க மனசும் இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் அந்த வேலையைப் பெத்த நாயக்கிடம் விட்டுவிட்டார்கள்.

ஒப்பந்தத்தைப் பாருங்கள். அவர் தன் செலவில் தலையாரிகளை வைத்துக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் இருபது பேர் போதும் என்றிருந்தது, ஊர் பெருகியதும் ஐம்பது பேர் வேண்டும் என்றாகிவிட்டது. சம்பளம் கிடையாது. பதிலுக்கு வரியில்லாத நெல் வயல்கள், அப்புறம் ஊருக்குள் வரும் அரிசி, மீன், எண்ணெய், வெற்றிலை, பாக்கு மீது சின்னச் சின்னத் தீர்வைகள். இதுவரை சாதாரணம். முக்கியமான ஷரத்து இதற்கு அடுத்தது: யார் வீட்டிலாவது திருட்டுப் போனால், திருடனைப் பிடித்துப் பொருளை மீட்டுத் தர வேண்டும். மீட்க முடியாவிட்டால் பெத்த நாயக் தன் கையிலிருந்து ஈடு கட்ட வேண்டும்.

பி.காம். படிக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் மணி அடித்திருக்கும். இது போலீஸ் வேலையே இல்லை. இன்ஷூரன்ஸ்! தீர்வை என்பது பிரீமியம். திருட்டுப் போனால் க்ளெய்ம். பிரீமியம் வாங்குகிறவரே ரிஸ்க்கைக் குறைக்கவும் பாடுபடுகிறார், ஏனென்றால் ஒவ்வொரு திருட்டும் அவர் மடியில் கை வைக்கிறது. இன்றைக்கு ஒரு போலீஸ் ஸ்டேஷனில் போய், நீங்கள் திருடனைப் பிடிக்கவில்லை, அதனால் என் பத்துப் பவுனுக்குப் பணம் கொடுங்கள் என்று கேட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 17-ஆம் நூற்றாண்டுச் சென்னையில் சட்டப்படி அப்படிக் கேட்கலாம்.

இந்த ஏற்பாடு இழுத்துப் பறித்துக்கொண்டு ஒன்றரை நூற்றாண்டுக்கு ஓடியது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் போலீஸ் போர்டு, மார்க்கெட்டைப் பார்த்துக்கொள்ள சூப்பரிண்டென்டெண்ட், கொத்தவால் என்று கம்பெனி ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தது. 1806-ல் போலீஸ் மாஜிஸ்திரேட்டுகள் வந்தார்கள். 1856-ல் சென்னை நகரப் போலீஸ் சட்டம் வந்து, போல்டர்சன் முதல் போலீஸ் கமிஷனர் ஆனார். பெத்த நாயக் பதவி போனது, பேட்டையின் பெயர் மட்டும் நின்றது. கவனித்தால், அவரை யாரும் குற்றவாளி என்று சொல்லவில்லை. வேலை போனது, அவ்வளவுதான். தெற்கே நடந்தது அப்படி இல்லை.

மதுரை, திருநெல்வேலிச் சீமையில் காவல் இரண்டு வகை. ஒரு ஊருக்குள் மட்டும் இருக்கும் காவல் தலக்காவல். பல ஊர்களையும் வழிகளையும் சேர்த்து ஒரு பெரிய ஆள் எடுத்துக்கொள்வது திசைகாவல். திசைகாவல் பெரும்பாலும் பாளையக்காரர்கள் கையில் இருந்தது. தன் பாளையத்துக்கு உள்ளே மட்டும் என்றால் தகராறு இல்லை. கம்பெனிக்கு வரி கட்டும் ஊர்களிலும் போய்த் திசைகாவல் பணம் வசூலித்தார்கள். கொடுக்காத ஊரில் மாடு ஓட்டிக்கொண்டு போவார்கள் என்பது கலெக்டர் லஷிங்டனின் புகார். 1799-ல் அவர் மேலிடத்துக்கு எழுதியதில் இந்தத் திசைகாவல் பெரிய விஷயமாக வருகிறது. இவர் பிற்பாடு சென்னை கவர்னராகவே ஆனவர்.

கட்டபொம்மன் கதையை நாம் சினிமா வழியாக வரி, வட்டி, கிஸ்தி என்று மட்டும் தெரிந்து வைத்திருக்கிறோம். அந்தச் சண்டைக்குள் இந்தத் திசைகாவல் சண்டையும் இருந்தது. ஒரே ஊரில் இரண்டு பேர் பாதுகாப்புக் கட்டணம் வசூலிக்க முடியாது. கம்பெனி கேட்டது வரியை மட்டும் அல்ல, இந்த ஊரைக் காக்கும் உரிமை எனக்கு மட்டும்தான் என்பதையும்தான். 1799 அக்டோபர் 16-ல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801-ல் இரண்டாம் பாளையக்காரர் போர் முடிந்தது. அந்த டிசம்பரிலேயே ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று பிரகடனம் வந்தது. திசைகாவல் கட்டணம் கம்பெனிக் கணக்குக்குப் போனது. 1816-ஆம் வருடத்து 11-ஆம் ரெகுலேஷன் ஊர்க் காவலைக் கிராம முன்சீப், தலையாரி என்று அரசாங்க ஏணியின் கடைசிப் படியில் கட்டிப்போட்டது. 1859-ல் 24-ஆம் சட்டம், மாகாணம் முழுக்கச் சீருடைப் போலீஸ்.

காகிதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஊரில் முடியவில்லை.

காரணம் எளிது. பிரீமியத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது, க்ளெய்ம் கொடுக்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ளவில்லை. உழவு மாடு திருட்டுப் போன ஒரு விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைய கணக்கில் டிராக்டரே போன மாதிரி. மழை பெய்து ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். போலீஸ் ஸ்டேஷன் எத்தனையோ மைலுக்கு அப்பால். போய்ச் சொன்னாலும் எழுதிக்கொள்வார்கள், விசாரிப்பார்கள், மாடு வராது. பழைய காவல்காரரிடம் போனால் வரும். அதனால் சட்டம் என்ன சொன்னாலும் அறுவடைக்கு அறுவடை காவல் கூலியை ஊர்கள் அளந்துகொண்டுதான் இருந்தன. மதுரைப் பக்கம் கள்ளர், திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கம் மறவர் இந்தக் காவல் உரிமையை வைத்திருந்தார்கள். திருமலை நாயக்கர் காலத்திலேயே பட்டயம் கொடுத்து உறுதி செய்யப்பட்ட உரிமை என்று பிறமலைக் கள்ளர் மரபு சொல்கிறது.

காவல்காரரின் வேலை சும்மா கம்பை ஊன்றி நிற்பது இல்லை. விளைந்த பயிருக்கு ராக்காவல், களத்துமேட்டில் காவல், சந்தைக்குப் போகும் வண்டிக்கு வழித்துணை. திருட்டுப் போனால் தடம் பார்த்துக்கொண்டே அடுத்த ஊர் எல்லை வரை போவார். தடம் எந்த ஊருக்குள் போய் மறைகிறதோ அந்த ஊர்க் காவல்காரர் பதில் சொல்ல வேண்டும். பெத்த நாயக் மாதிரியே இங்கேயும் பொருள் கிடைக்காவிட்டால் ஈடு கட்டும் வழக்கம் இருந்தது.

அடுத்து வருவதுதான் துப்புக்கூலி. மாடு தொலைந்தவர் விஷயம் தெரிந்த ஒரு தரகரைப் பிடிப்பார். மாட்டின் விலையில் ஒரு பகுதி, பல சமயம் பாதி, துப்புக்கூலியாகக் கைமாறும். சில நாளில் ஒரு தகவல் வரும், இன்ன இடத்தில் உங்கள் மாடு கட்டியிருக்கிறது என்று. போய் அவிழ்த்துக்கொண்டு வர வேண்டியதுதான். யார் ஓட்டினார்கள், எங்கே வைத்திருந்தார்கள் என்ற கேள்வியே கிடையாது. போலீசுக்குப் போனால் மாடு அப்படியே மாயம். 1906-ல் வந்த மதுரை மாவட்ட கெஜட்டியரில் பிரான்சிஸ் இந்தத் துப்புக்கூலியைக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார். நூறு வருடம் ஆண்ட பிறகும் தன் ஆட்சிக்குள் இன்னொரு கோர்ட்டு நடக்கிறதே என்ற எரிச்சல் வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதியவற்றில் நன்றாகவே தெரியும்.

மறுபடியும் காமர்ஸ் பக்கம் போவோம். இன்ஷூரன்ஸ் கம்பெனி தன் வாடிக்கையாளரின் கடைக்குத் தானே தீ வைக்க முடியும் என்றால் என்ன ஆகும்? பாலிசி எடுக்காத கடை மட்டும் எரியும். எரிவதைப் பார்த்து மற்ற கடைக்காரர்கள் பாலிசி எடுப்பார்கள். பொருளைத் திரும்பக் கொண்டுவரும் ஆற்றல் யாருக்கு இருக்கிறதோ, அதை எடுத்துக்கொண்டு போகும் ஆற்றலும் அவருக்கு இருக்கிறது. காவல் வைக்காத ஊரில் வைக்கோல் போர் எரிந்தது, மாடு காணாமல் போனது என்ற புகார்கள் ஏராளம். அதற்காகக் காவல் முழுவதுமே மிரட்டல்தான் என்று முடிவுகட்டுவது அதிகாரிகளின் சோம்பேறித்தனம். நிஜமாகவே காவல் காத்தவர்களும், ஈடு கட்டி நொடித்தவர்களும் அதே ஏற்பாட்டுக்குள் இருந்தார்கள். ஒரே ஆள் ஒரு ஊருக்குக் காவல்காரராகவும் பக்கத்து ஊருக்குத் திருடராகவும் இருந்திருக்கலாம். இரண்டையும் பிரிக்கும் கோடு ஊர் எல்லைதான், ஆளின் குணம் இல்லை.

பிழைப்பையும் பார்க்க வேண்டும். பாளையங்கள் போனதோடு போர் வேலை போனது. ஆயுதம் போனது. மிச்சமிருந்தது மானாவாரி நிலம். 1895-ல் பெரியாறு அணைத் தண்ணீர் வந்து மேலூர்ப் பக்கம் வயல் ஆனது. உசிலம்பட்டிப் பக்கம் அந்தத் தண்ணீர் ஏறவில்லை. வானம் பார்த்த பூமியில் காவல் கூலிதான் நிச்சயமான வருமானம்.

காவல் கொடுத்த ஊர்கள் எப்போதும் பொறுத்துக்கொண்டிருக்கவில்லை. 1896-ல், அதாவது ராய் பீன் ஆற்று மணலில் குத்துச்சண்டை நடத்திய அதே வருடம், திண்டுக்கல் தாலுகாவில் ஒரு கலகம் கிளம்பியது. முன்னால் நின்றவர்களில் ஆடு, மாடு மேய்க்கும் கோனார்கள் முக்கியமானவர்கள். திருட்டில் அதிகம் இழந்தவர்களும் அவர்கள்தானே. அவர்கள் ஆரம்பித்த இயக்கத்துக்குப் பெயர் 'ஃபண்ட்'. ஆமாம், ஆங்கிலச் சொல்லேதான், ஊர் மக்கள் வாயில் புழங்கியது. ஊரார் எல்லோரும் பொதுவில் பணம் போடுவது, அந்தப் பணத்தில் தங்கள் காவலுக்குத் தாங்களே ஆள் வைப்பது, மாடு திருட்டுப் போனவருக்கு ஃபண்டிலிருந்து ஈடு கொடுப்பது. பழைய காவல்காரருக்கு ஒரு பிடி நெல் கிடையாது. சுருக்கமாகச் சொன்னால் தனியார் இன்ஷூரன்ஸை விரட்டிவிட்டு ஊரார் கூட்டுறவு இன்ஷூரன்ஸ் ஆரம்பித்தார்கள்.

இதுவரை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கணக்குப் புத்தகத்தோடு நிற்கவில்லை. காவல்காரரை நிறுத்துவது என்பது, கள்ளர் குடும்பங்களையே ஊரை விட்டு விரட்டுவது என்று ஆனது. வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். காவல் பார்த்தவர், பார்க்காதவர், வயலில் கூலி வேலை செய்தவர் என்ற வித்தியாசம் இல்லை. பழனி, பெரியகுளம் பக்கமும் பரவியது. மானிடவியலாளர் ஆனந்த் பாண்டியன் இந்த 1896 இயக்கத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். திருட்டை எதிர்த்துக் கிளம்பிய இயக்கம் ஒரு ஜாதியை எதிர்ப்பதாக மாற அதிக நாள் பிடிக்கவில்லை. தானாகச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்ட காவல்காரரை ஒழிக்க, தானாகச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்ட இன்னொரு கூட்டம். நெருப்பு அணைந்ததும் பல ஊர்களில் காவல் மெல்லத் திரும்பி வந்துவிட்டது. மாடு தொலைவது நிற்கவில்லையே!

இங்கே ஒரு பக்கக் கதை சொல்லியே ஆக வேண்டும். காவல் கூலியைக் குறிக்க வெள்ளைக்காரர்கள் எழுதிய சொல் 'பிளாக்மெயில்'. இன்றைக்கு அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். பிறந்த இடம் ஸ்காட்லாந்து. 'மெயில்' என்றால் அங்கே வாடகை, குத்தகை. மலைநாட்டு ஆட்கள் சமவெளி விவசாயிகளிடம், மாடு திருட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதற்கென்று வாங்கிய பணம்தான் பிளாக்மெயில். மாடு, மலை, காவல், துப்பு என்று வரிக்கு வரி நம்ம கதை. அங்கே இதற்குப் பெயர் 'வாட்ச்'. புகழ்பெற்ற ராப் ராய் மெக்ரகர், சினிமாவாகவும் வந்த அதே ஆள், இப்படி ஒரு வாட்ச் நடத்தியவர். ஊரைக் காக்கவும் செய்தார், மாட்டை ஓட்டவும் செய்தார்.

அங்கே அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? மலைநாட்டு ஆட்களிலிருந்தே ஆள் எடுத்தது. 1725-ல் ஜெனரல் வேட் மலைநாட்டைக் காக்க அங்கத்து ஆட்களைக் கொண்டே கம்பெனிகள் அமைத்தார். 1739-ல் அவை சேர்ந்து ஒரு ராணுவ ரெஜிமென்ட் ஆயின. அதுதான் 'பிளாக் வாட்ச்'. பிரிட்டிஷ் ராணுவத்தின் பெருமைக்குரிய படைகளில் ஒன்று. 2006-ல் ஸ்காட்லாந்து ராயல் ரெஜிமென்ட்டின் ஒரு பட்டாலியனாகச் சேர்க்கப்பட்டது, பெயர் இன்றும் இருக்கிறது. ஆக, இந்தச் சிக்கலுக்கு ஒரு தீர்வு வெள்ளைக்காரர்களுக்குத் தங்கள் வீட்டிலேயே தெரிந்திருந்தது. காவல்காரனுக்குச் சம்பளமும் சீருடையும் கொடு, உன் ஆளாக்கிக்கொள். சென்னை மாகாணத்தின் கிராமப் போலீஸ் முறைக்கு அடிப்படை போட்ட தாமஸ் மன்றோகூடக் கிளாஸ்கோவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர்தான்.

மதுரையில் தேர்ந்தெடுத்த வழி வேறு. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் வட இந்தியாவில் தொடங்கியது. 1911-ல் திருத்தி எழுதப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு ஜாதியை, ஒரு கூட்டத்தைக் குற்றப் பரம்பரை என்று அரசாங்கம் அறிவித்துவிட்டால் போதும். அதில் பிறந்தவர் எவரும் திருடினாரா என்று நிரூபிக்கத் தேவையில்லை. அந்த அறிவிப்பு செல்லுமா செல்லாதா என்று எந்தக் கோர்ட்டும் கேட்க முடியாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ராய் பீனாவது ஒரு பழைய சட்டப் புத்தகத்தை மேஜையில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். இங்கே புத்தகமே நீதிபதியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டது.

முதல் உலகப்போர்க் காலத்தில் மதுரைப் பக்கத்துக் கீழக்குடிக் கள்ளர்களில் ஆரம்பித்து, சில வருடங்களில் பிறமலைக் கள்ளர் முழுவதையும் இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். மக்கள் இதைச் சொன்ன பெயர் ரேகைச் சட்டம், அதாவது கைரேகைச் சட்டம். வயதுவந்த ஆண்கள் பத்து விரலையும் உருட்டிப் பதிய வேண்டும். இன்னொரு ஊருக்குப் போக ராதாரிச் சீட்டு வேண்டும், பெண் பார்க்கப் போனாலும் சரி, எழவுக்குப் போனாலும் சரி. பதியப்பட்டவர்களில் பலர் ராத்திரியில் போலீஸ் ஸ்டேஷனிலோ ஊர்ப் பொது இடத்திலோ வந்து ஆஜர் சொல்ல வேண்டும். ராக்காவல் காத்த ஊரில், அவர்களை ராத்திரி முழுக்கக் காவல் காத்தது அரசாங்கம். வயல் காவலுக்குப் போன ஆள் ஆஜருக்கு வரவில்லை என்றால் அதுவும் குற்றம்.

மதுரையில் இவர்களுக்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் வக்கீல் ஜார்ஜ் ஜோசப். கேரளத்துச் செங்கன்னூர்க்காரர். உசிலம்பட்டிப் பக்கத்து மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பகுதியில் ரோசாப்பூ என்று சிலருக்குப் பெயர் இருப்பதற்குக் காரணம் அவர்தான். மனுக்கள் போனாலும் சட்டம் அசையவில்லை.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூர். ரேகை பதிய மாட்டோம் என்று ஊர் முடிவு செய்திருந்தது. விவசாயம் செய்கிறோம், எங்களை எதற்குக் குற்றவாளி என்று எழுத வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. விடியும்போது போலீஸ் ஊரைச் சூழ்ந்தது. வாக்குவாதம் முற்றியது, துப்பாக்கிச் சூடு நடந்தது. பதினாறு பேர் செத்தார்கள். அவர்களில் ஒரு பெண், மாயக்காள். சுடப்பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று ஊர் இன்றும் சொல்கிறது. ஜாலியன்வாலா பாக் நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அது எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. இதன் பெயர் மதுரை மாவட்டத்தைத் தாண்டினால் நிறையப் பேருக்குத் தெரியாது.

துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அரசாங்கம் கொஞ்சம் இறங்கி வந்தது என்று சொல்லலாம். கள்ளர் சீரமைப்பு என்ற பெயரில் பள்ளிக்கூடங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், வேலைவாய்ப்பு என்று தொடங்கினார்கள். கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் படித்து மேலே வந்த தலைமுறைகள் உண்டு. ஆனால் ஒரு கையில் சிலேட்டு, இன்னொரு கையில் ரேகை மை என்ற நிலைமை இன்னும் இருபத்தேழு வருடம் நீடித்தது. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகப் போய் இந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேசினார். ப.ஜீவானந்தம், பி.ராமமூர்த்தி போன்ற இடதுசாரிகளும் குரல் கொடுத்தார்கள். 1947-ல், சுதந்திரத்துக்குச் சற்று முன்னால், சென்னை மாகாணம் சட்டத்தை நீக்கியது. நாடு முழுக்க நீங்கியது 1952 ஆகஸ்ட் 31-ல்.

காவல் கூலியும் துப்புக்கூலியும் அதற்குள் தேய்ந்துபோயிருந்தன. ரோடு வந்தது, பஸ் வந்தது, நிலத்தில் மோட்டார் வந்தது, மாட்டை ஓட்டிக்கொண்டு போய் ஒளித்து வைக்கும் காடும் குறைந்தது. பெருங்காமநல்லூரில் ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. பதினாறு பேருக்கும் சேர்த்து ஒன்று. ஏப்ரல் 3 வந்தால் அங்கே மாலை போடுகிறார்கள்.